கோச்சோடு மேட்ச்: நான் எப்படி ஆடினாலும் 21-15 தானா?

#1 · கோவை ஷட்லர்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 38 வயது. காலேஜ் ஹாஸ்டலில் பேட்மிண்டன் ஆடியதோடு விட்டுப்போய், குழந்தைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு மறுபடி பேட்டைக் கையில் எடுத்தவன். சரவணம்பட்டி பக்கம் ஒரு இண்டோர் கோர்ட்டில் பெரியவர்களுக்கான காலை பேட்ச்சில் இருக்கிறேன். கோச் மாநில அளவில் ஆடியவர், வயது ஐம்பதை ஒட்டி. வாரம் முழுக்க ஃபுட்வொர்க், மல்டி ஷட்டில் (ஷட்டிலை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு அடிக்க வைப்பது), டிராப் (நெட் ஓரம் மெல்ல விழ வைப்பது), லிஃப்ட் (கீழிருந்து உயரமாகத் தூக்குவது) என்று டிரில்தான். சனிக்கிழமை மட்டும் ஒவ்வொருவரோடும் சிங்கிள்ஸ் ஒரு கேம் ஆடுவார்.

சிக்கல் என்னவென்றால், நான் நன்றாக ஆடும் நாளில் ஸ்கோர் 21-15. தூக்கமில்லாமல் போய்ச் சொதப்பும் நாளில் 21-14. என்னை ஈஸியாக ஜெயிக்கும் ஐ.டி. தம்பி ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் 21-15. என்னிடம் எப்போதும் தோற்கும் டாக்டர் ஒருவர், அவருக்கும் அதே. போன வாரம் 11-11 வரை வந்தேன். இன்று விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்தது நாலே பாயிண்ட். அவருக்கு வியர்க்கக்கூட இல்லை.

மனிதர் எங்களோடு உண்மையிலேயே ஆடுகிறாரா, இல்லை ஆடுவது போல ஆடுகிறாரா? "சார், முழுசா ஆடுங்க" என்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரா? இந்த மாதிரி மேட்சால் நமக்கு ஏதாவது லாபம் உண்டா?

#2 · நாகர்கோவில் லாப்

அந்த 15 அவர் உங்களுக்குக் கொடுக்கும் போனஸ். அடுத்த மாதமும் ஃபீஸ் கட்ட மனசு வர வேண்டாமா? எல்லோரையும் 5-இல் சுருட்டினால் பாதிப் பேர் ஜிம்முக்குப் போய்விடுவார்கள்.

என் கவலை வேறு. பேட்ச்சில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோச் ஒருவரோடு ஆடும்போது மற்றவர்களில் பாதிப் பேர் பெஞ்சில் உட்கார்ந்து செல்போனைத் தடவுவார்கள். அதே நேரம் அவர் வெளியே நின்று பார்த்தால் இரண்டு கோர்ட்டில் எட்டுப் பேர் டபுள்ஸ் ஆட, தப்பை நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். எதிரே நின்று ஆடுகிறவர் ஷட்டில்காக்கைப் பார்ப்பாரா, உங்கள் காலைப் பார்ப்பாரா? பெரிய போட்டிகளில் கோச்சுக்குக் கோர்ட்டின் பின்பக்கம் நாற்காலி போட்டிருப்பது சும்மா இல்லை.

நான் முன்பு போன இடத்தில் கோச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்களோடு ஆடிக்கொண்டே இருப்பார். அவருக்கு நல்ல உடற்பயிற்சி. செலவு எங்களுடையது, காக் உட்பட.

#3 · பழைய பேக்ஹேண்ட்

தம்பி கோவை, உங்கள் கோச் கெட்டிக்காரர். இந்த 21 பாயிண்ட் முறையில் ஆள் மாறினாலும் ஸ்கோர் மாறாமல் நிறுத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை.

எங்கள் காலத்தில் அது சுலபம். 2006-க்கு முன்பு சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயிண்ட். சிங்கிள்ஸில் ஆண்களுக்கு 15, பெண்களுக்கு 11. திருச்சியில் எனக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் தன் சர்வீஸில் ஒரு பாயிண்ட் எடுப்பார், அடுத்த ராலியை எனக்கு விடுவார். சர்வீஸ் என் கைக்கு வரும். உடனே பிடுங்கிக்கொள்வார். மூன்று ராலிக்கு ஒன்று நான் ஜெயித்திருப்பேன், போர்டில் பார்த்தால் 15-1. நன்றாக ஆடினோம் என்ற திருப்தியும், இப்படித் தோற்றோமே என்ற எரிச்சலும் ஒன்றாக வீட்டுக்கு வரும். மறுநாள் ஐந்தரைக்கெல்லாம் கோர்ட் வாசலில் நிற்பேன்.

இப்போது ஒவ்வொரு ராலியும் போர்டில் ஏறுகிறது. யாருக்கு எத்தனை விட்டோம் என்று எண்ணிக்கொண்டே ஆட வேண்டும். அதையும் வியர்க்காமல் செய்கிறார் என்றால் அவர் நிஜ ஆட்டம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

#4 · மதுரை கோச்

கோச் தரப்பில் யாரும் வாயைத் திறக்காததால் நான் பேசுகிறேன். பட்டியாலாவில் என்.ஐ.எஸ். கோச் படிப்பு முடித்தவன், குழந்தைகள் பேட்ச், பெரியவர்கள் பேட்ச் இரண்டும் எடுக்கிறேன்.

ஆமாம், ஸ்கோரைப் பிடித்துத்தான் ஆடுகிறோம். நாகர்கோவில் சார் சொன்ன ஃபீஸ் காரணம் அறவே இல்லை என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் அது மட்டும் இல்லை. 5-இல் முடியும் கேமில் மாணவர் எத்தனை ஷாட் ஆடியிருப்பார்? ஒரு சர்வீஸ், அரைகுறையாக ஒரு லிஃப்ட், நான் ஒரு ஸ்மாஷ், ராலி முடிந்தது. அவருடைய பேக்ஹேண்ட் மூலை எந்த லட்சணத்தில் இருக்கிறது, மூச்சு வாங்கும்போது கிளியர் (எதிராளி தலைக்கு மேலே உயரமாகப் பின்னால் அனுப்பும் ஷாட்) பேஸ்லைன் (கோர்ட்டின் பின்கோடு) வரை போகிறதா, எதுவுமே எனக்குத் தெரியாது. ராலி பத்துப் பன்னிரண்டு ஷாட்டுக்கு நீண்டால்தான் ஆள் யார் என்று தெரியும். அதனால் கொல்ல வேண்டிய ஷாட்டைக் கொல்லாமல், அவர் ஓடி எட்டக்கூடிய இடத்தில் வைக்கிறேன்.

முதல் பாதியில் அந்த வாரம் சொல்லிக்கொடுத்தது வருகிறதா என்று பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை ரவுண்ட் தி ஹெட் (பேக்ஹேண்ட் பக்கம் வருவதைத் தலையைச் சுற்றி ஃபோர்ஹேண்டில் அடிப்பது) சொல்லியிருந்தால் பேக்ஹேண்ட் மூலைக்கே போட்டுக்கொண்டிருப்பேன். 11-க்குப் பிறகு வேகத்தைக் கூட்டுவேன். நெருக்கும்போது ஒவ்வொருவரும் ஓடி ஒளியும் ஷாட் ஒன்று இருக்கும். சிலருக்கு அது ஃபோர்ஹேண்ட் கிராஸ் டிராப், சிலருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்மாஷ். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த வாரம் என்ன டிரில் கொடுப்பது என்று எனக்குத் தெரிந்துவிடும். கோவை நண்பர் 11-11-இலிருந்து நாலு பாயிண்ட்தான் எடுத்தேன் என்கிறாரே, பெரும்பாலும் அங்கேதான் அவர் கோச் வேலையைத் தொடங்கியிருப்பார்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. நாங்கள் வேண்டுமென்றே முக்கால் கோர்ட்டுக்கு லிஃப்ட் கொடுப்போம், நீங்கள் அழகாக ஸ்மாஷ் அடிப்பீர்கள். மாதக்கணக்கில் இப்படி ஆடினால் உங்கள் ஸ்மாஷ் பிரமாதம் என்று நீங்களே நம்பிவிடுவீர்கள். வெளியே ஒரு டோர்னமெண்டுக்குப் போனால் எதிராளி பேஸ்லைனுக்கே தூக்குவான். அங்கிருந்து அடித்த ஸ்மாஷ் நெட்டைத் தாண்டும்போது கொட்டாவி விட்டுக்கொண்டு போகும்.

நிஜமாக ஆடுகிறாரா என்று கண்டுபிடிக்க அவர் கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். நீங்கள் காக்கைத் தொடும் கணத்தில் அவர் கால் இரண்டும் லேசாக எம்பி விரிந்து தரையில் இறங்கினால் ஆட்டம் நிஜம். பாதம் தரையில் ஒட்டியபடி நின்றுகொண்டு எடுக்கிறார் என்றால் உங்களுக்குக் காக் ஊட்டிக்கொண்டிருக்கிறார்.

#5 · கோவை ஷட்லர்

@மதுரை கோச், நன்றி சார். இவ்வளவு நாள் ஆடுகிறேன், அவர் காலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் ஓடுகிற ஓட்டத்தில் அவர் கோர்ட்டில் இருக்கிறாரா என்பதே சில சமயம் தெரிவதில்லை.

#6 · குரோம்பேட்டை அம்மா

நான் ஆடுவதில்லை, மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருகிறவள். அவளுக்கு 11 வயது. இங்கே விட்டுக்கொடுக்கும் கோச்சைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்கள் கதை நேர்மாறு. அண்டர் 13 பிள்ளைகளோடு கோச் மேட்ச் ஆடுவார், முழு வேகத்தில் ஸ்மாஷ் அடிப்பார். "பயம் போகணும் மேடம்" என்கிறார். பயம் போகவில்லை. இவள் இப்போது நெட் பக்கம் போகவே மாட்டேன் என்கிறாள், காக் உயரே வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மற்ற பெற்றோர் யாரும் எதுவும் சொல்வதில்லை. நான் மட்டும் வாயைத் திறந்தால் பிள்ளையை ஓரம் கட்டிவிடுவாரோ என்று யோசனை.

#7 · மதுரை கோச்

மேடம், தயங்காமல் பேசுங்கள். இது ஆட்டத்தின் கண்டிப்பு இல்லை. கோச்சிங்கும் இல்லை.

நம் டபுள்ஸ் வீரர் சாத்விக்சாய்ராஜ் 2023-இல் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்து கின்னஸில் ஏறியது படித்திருப்பீர்கள். அது பேட்டை விட்டுக் கிளம்பும் கணத்தின் வேகம். ஐந்து கிராம் எடையுள்ள இறகுக் காக் காற்றில் சட்டென்று வேகம் இழந்துவிடும், எதிராளியை அடையும்போது அதில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். ஆனால் நெட் ஓரம் நிற்கும் பிள்ளைக்கு வேகம் குறைய நேரமே இல்லை. காக்கின் தலை கண் குழிக்குள் போகிற அளவுதான். இந்த ஆட்டத்தில் நாங்கள் பயப்பட வேண்டிய காயம் அதுதான். நான் குழந்தைகளோடு ஆடும்போது ஸ்மாஷ் கிடையாது. டிராப், கிளியர், நெட், அவ்வளவுதான். அவர்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம்.

"சார், ஸ்மாஷ் எடுக்கிற டிரில் தனியா கொடுங்க, பின்னால் நிறுத்திக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் முகம் சுளித்தால் இடத்தை மாற்றுங்கள். 11 வயதில் இடம் மாறுவதால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

#8 · ஈப்போ பூப்பந்து

மலேசியாவிலிருந்து வணக்கம். பயிற்றுநரை வெல்ல வேண்டும் என்ற ஆசையே எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது. எங்கள் நாட்டில் மிஸ்பன் சிடேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1986 ஆல் இங்கிலாந்து இறுதியாட்டம் வரை போனவர், மோர்டன் ஃப்ரோஸ்ட்டிடம் தோற்றார். பின்னர் எங்கள் ஒற்றையர் நட்சத்திரம் லீ சொங் வெய்யை உருவாக்கியவர் அவர்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சொங் வெய் வெள்ளி வாங்கும்போது மிஸ்பனுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதன்பின் சொங் வெய்க்குப் பயிற்சி கொடுத்த இந்தோனேசியாவின் ஹெண்ட்ராவான், 2001 உலக வெற்றியாளர். இவர்கள் சொங் வெய்யோடு ஒற்றையர் ஆடினால் யார் ஜெயிப்பார் என்று யாராவது கேட்டிருப்பார்களா?

உச்சத்தில் மாணவர் பயிற்றுநரை விடப் பல மடங்கு வேகம். நம் மண்டபத்தில் பயிற்றுநர் நம்மை விடப் பல மடங்கு வேகம். இரண்டு இடத்திலும் ஸ்கோருக்கும் பயிற்சிக்கும் சம்பந்தமில்லை. கோவை நண்பர் ஸ்கோர் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஆடிப் பார்க்கலாம்.

#9 · நாகர்கோவில் லாப்

@ஈப்போ, சொல்வது சுலபம். போர்டில் நம்பர் ஏறும்போது மனுஷன் எப்படி எண்ணாமல் இருப்பான்?

ஆனால் உங்கள் உதாரணம் என் கட்சிக்குத்தான் பலம். 2021-இல் டென்மார்க் நட்சத்திரம் விக்டர் அக்சல்சன் சொந்த ஊரை விட்டு துபாய்க்குக் குடிபோனார். அங்கே பயிற்சிக்கு யாரைக் கூப்பிட்டார்? நம் லக்ஷ்யா சென், சிங்கப்பூரின் லோ கீன் யூ மாதிரி தன்னோடு மோதக்கூடிய ஆட்களை. அந்த வருடக் கடைசியில் ஸ்பெயினில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் முதல் சுற்றிலேயே அக்சல்சனை வீட்டுக்கு அனுப்பியது அதே லோ. கடைசியில் பட்டமும் அவருக்கே. லக்ஷ்யாவுக்கு வெண்கலம். சரிசமமான ஆளோடு மோதினால்தான் ஆட்டம் ஏறும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அக்சல்சனுக்குக் கொஞ்சம் செலவு ஜாஸ்திதான்.

கோச்சோடு மட்டும் ஆடுகிறவன் கோச்சின் ஆட்டத்துக்குப் பழகிப்போகிறான். அவர் எப்போது டிராப் போடுவார், எந்தப் பக்கம் தள்ளுவார் என்று மனப்பாடம். வெளியே போனால் இடது கைக்காரன் ஒருவன் வந்து நிற்பான், முழி பிதுங்கும்.

#10 · யாழ் ஷட்டில்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் ஆடினது, இப்ப வேலை முடிஞ்சு பின்னேரங்களில் திரும்பத் தொடங்கியிருக்கிறேன். என்ர பிரச்சினை கோவை அண்ணாவின் பிரச்சினைக்குப் பக்கத்துப் பிரச்சினை.

எங்கட சேருக்கு வலது முழங்கால் சரியில்லை. முன்பக்கம் ஃபோர்ஹேண்ட் மூலைக்கு ஒரு டிராப் போட்டால் அவரால் எட்டிக் குனிய ஏலாது. அப்படியே விட்டுவிடுவார். ஒவ்வொரு ராலியிலும் அங்கே போட்டால் நான் வெல்லலாம். ஆனால் கை வருகுதில்லை. அவர் தெரிஞ்சுதானே ஆட வாறார் என்று ஒரு மனம் சொல்லுது. வயதான மனுஷரின் நோவைப் பார்த்து அடிக்கிறதா என்று இன்னொரு மனம்.

இன்னொன்று, கோட்டுப் பிரச்சினை. என்ர பக்கம் விழுந்த காக் அரை அங்குலம் வெளியே என்று எனக்கு வடிவாகத் தெரியும். ஆனால் சேரின் ஷாட்டுக்கு "அவுட்" என்று சொல்ல வாய் வராது. "உள்ளே, சேர்" என்று சொல்லி எடுத்துக் கொடுத்துவிடுவேன். இது எனக்கு மட்டுமா?

#11 · பழைய பேக்ஹேண்ட்

யாழ்ப்பாணத்து அம்மா, அந்த மூலையை விட்டுவிடுங்கள். ஜெயிக்க வேறு வழியா இல்லை? முழங்காலுக்கு வினை வைப்பது முன்னால் பாய்ந்து காலை ஊன்றும் அந்த ஒரு அசைவுதான். பேஸ்லைன் மூலை இரண்டுக்கும் மாறி மாறிக் கிளியர் போடுங்கள். அதற்கும் அவர் ஓடத்தான் வேண்டும், ஆனால் முட்டியில் அடி விழாது. உங்கள் கிளியரும் தேறும். எங்கள் மாஸ்டருக்குத் தோள் போன பிறகு நாங்கள் யாரும் அவருக்கு உயரமாகத் தூக்கியதில்லை. அது அன்பும் இல்லை, மண்ணும் இல்லை. ஆள் உடைந்துபோனால் நாளைக்கு நமக்கு யார் காக் போடுவார்கள்?

#12 · மதுரை கோச்

@பழைய பேக்ஹேண்ட், அண்ணே, இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். எனக்கும் இடுப்பு சரியில்லை. ஒரு மாணவி அதைப் பார்த்துவிட்டு எனக்குக் கஷ்டமான இடத்தில் போடாமல் இருந்தால் எனக்குக் கோபம்தான் வரும். எதிராளியின் பலவீனத்தைக் கண்டுபிடி, அங்கேயே போடு என்றுதானே வாரம் முழுக்கக் கத்துகிறேன்? யாழ் சகோதரி, ஒரு வழி சொல்கிறேன். ஆட்டம் தொடங்கும் முன்பே கேளுங்கள்: "சேர், இன்றைக்கு முன் மூலை உண்டா, இல்லையா?" இல்லை என்று அவர் சொன்னால் அது அன்றைய விதி. உண்டு என்றால் போடுங்கள், தயவு வேண்டாம்.

கோட்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நடுவர் இல்லாத ஆட்டத்தில் அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவர்தான் சொல்ல வேண்டும், எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். உள்ளூர் டோர்னமெண்டுகளில் முதல் சுற்றுகளுக்குப் பல சமயம் லைன் ஜட்ஜ் இருப்பதில்லை. கோச்சிடம் "அவுட்" சொல்ல வாய் வராதவருக்கு, அங்கே முறைத்துப் பார்க்கும் எதிராளியிடமும் வராது. நான் வேண்டுமென்றே அரை அடி வெளியே போட்டுவிட்டு "உள்ளேதானே?" என்று கேட்டுப் பார்ப்பேன். தலையாட்டுகிறவர் பத்து புஷ் அப்.

#13 · நெறியாளர்

ஒரு பதிவில் கோச்சின் பெயரும் அகாடமியின் பெயரும் போட்டுத் திட்டியிருந்ததால் நீக்கியிருக்கிறேன். குறையைச் சொல்லுங்கள், ஆள் பெயர் வேண்டாம்.

#14 · கோவை ஷட்லர்

கேட்டேவிட்டேன்.

நேற்று எல்லோரும் ஆடி முடித்த பிறகு, "சார், ஒரு கேம் நிஜமா ஆடிக் காட்டுங்க" என்றேன். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு, "நிஜமா ஆடினா உங்களுக்கு என்ன தெரியணுங்க?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சரி வாங்க என்று பையிலிருந்து வேறு பேட் எடுத்தார். அதைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியது.

21-3. அதில் இரண்டு அவர் நெட்டில் அடித்தது. மதுரை சார் சொன்னபடி காலைப் பார்த்தேன். நான் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அவர் எம்பி இறங்குகிறார், சத்தமே இல்லை. சனிக்கிழமைகளில் அந்தக் கால் அப்படி இருந்ததே இல்லை.

நெட்டில் அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். நான் ஒரு டிராப் போட்டேன், நல்ல டிராப்தான். பேட்டை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். காக் பேட் முகத்துக்கு வந்துவிட்டது, இன்னும் அடிக்கவில்லை. நெட்டிலேயே தட்டப்போகிறார் என்று நான் முன்னால் ஒரு அடி வைத்தேன். எடை அந்தக் காலுக்கு மாறியதுதான் தாமதம், மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு. காக் என் தலைக்கு மேலே பின்மூலைக்குப் போய்விட்டது. திரும்பக்கூட முடியவில்லை, அப்படியே நின்றேன். ஒரே கேமில் இதே மாதிரி நாலைந்து முறை. ஒவ்வொரு முறையும் நான் அந்த ஒரு அடியை வைத்தேன்.

முடிந்ததும் கேட்டேன், நான் எங்கே போடப்போகிறேன் என்று எப்படித் தெரிகிறது என்று. "நீங்க கிராஸ் டிராப் போடறப்போ இடது கை முன்னாடியே எறங்கிருதுங்க. ஸ்மாஷ்னா மேலயே நிக்குது" என்றார். எத்தனை நாளாகத் தெரியும் சார் என்றேன். நீங்க சேர்ந்த மாசத்துலயே தெரியும் என்றார். அப்போதே ஏன் சொல்லவில்லை? "அப்போ சொல்லியிருந்தா கையையே நெனச்சுட்டு காக்கை விட்டிருப்பீங்க. இப்பத்தான் கிளியர் நின்னுருக்கு. இனி கையைப் பாக்கலாங்க."

அப்புறம் அவராகவே ஒரு யோசனை சொன்னார். இனி சனிக்கிழமை முழு கேம் வேண்டாம், 18-18-இல் தொடங்கி ஆடலாம், நாலைந்து முறை. அவர் முழுசாக ஆடுவாராம், ஆனால் ஸ்மாஷ் மட்டும் கிடையாதாம். நேற்றே இரண்டு ஆடினோம், இரண்டும் தோல்விதான். ஒன்றில் 20-20 வரை போனது. அப்போது என் கை நடுங்கியதில் சர்வீஸ் எதிர்ப்பக்கத்து ஷார்ட் லைனை (சர்வீஸ் தாண்டியே ஆக வேண்டிய முன்கோடு) தாண்டவில்லை.

#15 · நாகர்கோவில் லாப்

18-18 யோசனை நன்றாக இருக்கிறது. ஒரு ஆளுக்கு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், பெஞ்சில் இருப்பவர்களுக்கும் முறை சீக்கிரம் வரும். உங்கள் கோச்சின் மேல் எனக்கு இருந்த சந்தேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். முழுசாக இல்லை.

ஆனால் மாதக்கணக்காகத் தெரிந்த ஒன்றைக் காசு வாங்கிக்கொண்டு சொல்லாமல் வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

#16 · மதுரை கோச்

@நாகர்கோவில், ஒரு ஆளிடம் நான் பார்க்கும் தப்பு எப்போதும் ஏழெட்டு இருக்கும். எல்லாவற்றையும் முதல் வாரமே சொன்னால் மனிதர் கோர்ட்டில் சிலையாக நின்றுவிடுவார். கிளியர் பேஸ்லைன் வரை போகாதவருக்கு இடது கையைத் திருத்தி என்ன பயன்?

@கோவை, 18-18 ஆடும்போது ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ராலிக்கு முன்பும் எந்த ஷாட்டில் இந்தப் பாயிண்டை எடுக்கப்போகிறேன் என்று மனதில் முடிவு செய்யுங்கள். ராலி முடிந்ததும் அதைக் கோச்சிடம் சொல்லுங்கள். நீங்கள் நினைத்ததும் அவர் படித்ததும் ஒன்றாக இருந்தால் உங்கள் உடம்பு இன்னும் காட்டிக்கொடுக்கிறது என்று பொருள். இடது கைக்குத் தனி டிரில் தேவையில்லை. ஷேடோ (காக் இருப்பதாக நினைத்துக்கொண்டு வெறும் அசைவு) ஆடும்போது, பேட் காக்கைத் தொடும் நேரம் வரை இடது கை விரல் காக்கைச் சுட்டிக்கொண்டே இருக்கட்டும்.

நாகர்கோவில் சார் சொன்ன சரிசம ஆட்டத்தையும் விடாதீர்கள். அந்த ஐ.டி. தம்பியோடு பாதிக் கோர்ட் வைத்து ஆடுங்கள். உங்கள் பக்கம் பாதி அகலம் மட்டும் உள்ளே, அவர் பக்கம் முழுதும். அவர் குறி தேறும், உங்களுக்கு ராலி நீளும்.

#17 · யாழ் ஷட்டில்

சேரிடம் முன் மூலை உண்டா என்று கேட்டேன். "முதல் பத்துப் பாயிண்டுக்கு உண்டு, அதுக்குப் பிறகு இல்லை" என்றார். 10-4 வரை நான் முன்னுக்கு. பிறகு 21-17, அவருக்கு. கோட்டுக்கு ஒருக்கால் "அவுட்" சொன்னேன். திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கதைக்கவில்லை, காக்கை எடுத்துத் தந்தார்.

#18 · கோவை ஷட்லர்

கடைசியாக ஒரு கேள்வி. இந்த வருடம் 35 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் ஏதாவது ஒரு டோர்னமெண்டில் பெயர் கொடுக்கலாம் என்று கோச் சொல்கிறார். அங்கே ஃபெதர் (இறகு) காக். நாங்கள் தினமும் ஆடுவது மேவிஸ் 350 என்ற நைலான் காக். எவ்வளவு நாள் முன்பு மாற வேண்டும்?

#19 · மதுரை கோச்

இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். ஃபெதர் கிளம்பும்போது வேகம், கடைசியில் செங்குத்தாக விழும். நைலானுக்குப் பழகிய கைக்கு முதலில் கிளியர் எல்லாம் குட்டையாகப் போகும், டிராப் நெட்டில் விழும். கோச்சோடு ஆடும் அந்த 18-18 மட்டுமாவது ஃபெதரில் ஆடுங்கள், டிரில் எல்லாம் நைலானில் போகட்டும், செலவு தாங்கும். வாங்கும்போது டியூப்பில் வேக எண் பாருங்கள். வெயில் காலத்தில் காற்று லேசாகிக் காக் அதிகம் பறக்கும், அதனால் 76 வாங்குங்கள். 78 வாங்கினால் நீங்கள் அடிப்பதெல்லாம் பேஸ்லைனைத் தாண்டும். முதல் நாள் ராத்திரி டியூப்பின் இரண்டு மூடியையும் திறந்து, கொதிக்கும் தண்ணீர் ஆவியில் சில நொடி காட்டிவிட்டு மூடி வையுங்கள். இறகு சீக்கிரம் ஒடியாது, ஐ.டி. தம்பியோடு பாதிப் பாதி போட்டால் ஒரு டியூப் கொஞ்ச நாள் தாங்கும்.